சிலந்தி வலைக்குப் பின்னால் போன ஆட்டோ

பெங்களூரில் ஒரு சுவர். சுவரில் ஓர் இடுக்கு. அந்த இடுக்கில் கூடாரச் சிலந்தி ஒன்று வலை கட்டிக் குடியிருந்தது. கால்களை முழுசாக விரித்தாலும் 15 மில்லிமீட்டரைத் தொடாத குட்டிச் சிலந்தி. அதைக் கண்டுபிடித்துக் கேமராவை நீட்டியவன் வித்யுன் ஹெப்பார், வயது 10. வலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆட்டோ கடந்துபோன நேரத்தில் அவன் எடுத்த படத்தில் சிலந்தியும் வலையின் இழைகளும் தெளிவாக நிற்கின்றன. ஆட்டோவோ அடையாளமே தெரியாமல் கரைந்து, பல வண்ணத் திரையாகப் பின்னால் விரிந்திருக்கிறது.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டி நடத்துகிறது. 2021-ஆம் ஆண்டு அந்தப் போட்டிக்கு 95 நாடுகளிலிருந்து 50,000-க்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. இளையோருக்கான முதல் விருது இந்தச் சிலந்திப் படத்துக்குப் போனது. உலகத்தின் பெரிய பெரிய காடுகளிலும் கடல்களிலும் எடுத்த படங்கள் வந்து குவிகிற இடத்தில், ஊருக்குள் ஒரு சுவர் இடுக்கில் இருந்த சிலந்தி ஜெயித்தது.

இந்தப் போட்டி தொடங்கியது 1965-இல். நடுவர்களிடம் படம் போகும்போது எடுத்தவரின் பெயர் அதோடு போகாது. என்ன விலைக் கேமரா, எவ்வளவு தூரம் போனேன், எத்தனை கொசுக்கடி பட்டேன் என்று யாரும் பக்கத்தில் நின்று விளக்க முடியாது. படம்தான் பேச வேண்டும். இதுவரை பார்க்காத எதையாவது காட்டுகிறதா, ஒரு கதை சொல்கிறதா, நேர்த்தியாக எடுத்திருக்கிறார்களா, நேர்மையாக எடுத்திருக்கிறார்களா என்று நடுவர்கள் பார்க்கிறார்கள்.

பரிசு பெறும் படங்களை விரும்பிப் பார்த்துவருகிற எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. ஜெயித்த படங்களை எடுத்தவர்கள் இரண்டு விஷயங்களை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். தாங்கள் படமெடுக்கும் உயிர் எப்படி வாழ்கிறது என்பது ஒன்று. ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்பது இன்னொன்று. முதலாவது உயிரியல், இரண்டாவது இயற்பியல். கேமராவின் விலை அதற்குப் பிறகுதான்.

கூடாரச் சிலந்தியையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் வட்ட வலை பின்னும் சிலந்திகள் பல, பசையுள்ள இழைகளால் வலை கட்டும். பழைய வலையைத் தின்றுவிட்டு அடிக்கடி புதிதாகப் பின்னும். கூடாரச் சிலந்தியின் வழி வேறு. அதன் வலையில் பசை கிடையாது. சின்னச் சின்னச் சதுரக் கண்களோடு வலையைக் குவிமாடமாகப் பின்னி, சுற்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இழைகளை இழுத்துக் கட்டிவைக்கும். பறந்துவரும் பூச்சி அந்தச் சிக்கலுக்குள் மாட்டினால் வெளியே வருவது கடினம். இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய வலையைத் தினமும் பிரித்துக் கட்டினால் கட்டுப்படியாகுமா? அதனால் கிழிந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளும்.

இது தெரிந்திருந்தால் படமெடுப்பவருக்கு என்ன லாபம்? வலை நாளைக்கும் அங்கேயே இருக்கும்! இன்றைக்கு வெளிச்சம் சரியில்லையா, நாளைக் காலையில் வரலாம். இந்தப் பக்கத்திலிருந்து நன்றாக இல்லையா, அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம். சிலந்தியின் பழக்கம் தெரிந்தவருக்கு இரண்டாவது வாய்ப்பும் மூன்றாவது வாய்ப்பும் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இழைக்கு வருவோம். சிலந்தி இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். நம் தலைமுடி அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தடிமன். அவ்வளவு மெல்லிய இழை நம் கண்ணில் படுவதற்குக் காரணம், தன்மேல் விழும் ஒளியை அது சிதறடிப்பதுதான். நாளைக் காலையில் இதைச் சோதித்துப் பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும்படி நின்று ஒரு வலையைத் தேடுங்கள், சட்டென்று அகப்படாது. இப்போது வெயில் வலைக்குப் பக்கவாட்டிலிருந்து வரும்படி நகர்ந்து நில்லுங்கள். பின்னால் நிழலான இடம் ஏதாவது இருக்கட்டும். ஒவ்வோர் இழையும் மின்னும். அதே வலை, அதே வெயில். நீங்கள் நிற்கும் இடம் மட்டும்தான் மாறியது. கண்ணையோ கேமராவையோ நேராகச் சூரியனை நோக்கித் திருப்ப மட்டும் கூடாது. கண்ணுக்கும் ஆபத்து, கேமராவுக்கும் ஆபத்து.

ஆட்டோ ஏன் கரைந்தது?

ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கட்டை விரலை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி, நகத்தை உற்றுப் பாருங்கள். பார்வையை நகத்தைவிட்டு எடுக்காமலே, அதற்குப் பின்னால் இருக்கும் கதவையோ ஜன்னலையோ கவனியுங்கள். மங்கலாகத் தெரியும். இப்போது கதவை உற்றுப் பாருங்கள். விரல் மங்கிவிடும். மிகப் பக்கத்தில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காட்ட நம் கண்ணில் உள்ள லென்ஸால் முடியாது.

கேமராவின் லென்ஸும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருப்பதைத்தான் அது முழுத் தெளிவோடு காட்டும். அதற்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் உள்ளவையும் தெளிவாக இருக்கும். அந்த எல்லையைத் தாண்டியதெல்லாம் மங்கும். எடுக்கும் பொருள் லென்ஸுக்கு அருகே வர வர இந்த எல்லை சுருங்கும். லென்ஸில் ஒளி நுழையும் துளையைப் பெரிதாக்கினாலும் சுருங்கும். மலையைப் படமெடுக்கும்போது கிலோமீட்டர் கணக்கில் இருக்கும் எல்லை, எறும்பை நெருங்கிப் படமெடுக்கும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டராகிவிடும். சிலந்தியை அவ்வளவு அருகிலிருந்து எடுத்ததால்தான் பின்னால் போன ஆட்டோ வெறும் வண்ணமாகிவிட்டது. அழகுக்காக மட்டும் அந்த வண்ணம் அங்கே இல்லை. இந்தச் சிலந்தி வாழ்வது மனிதர்களும் வண்டிகளும் நடமாடும் இடத்தில் என்று அது சொல்கிறது. கதை சொல்வது என்று நடுவர்கள் கேட்பது இதைத்தான்.

இதே விதியைப் பயன்படுத்தி நீங்களும் ஒரு வேலை செய்யலாம். பள்ளி மைதானத்தில் மைனா மேய்ந்துகொண்டிருக்கிறது. நின்றபடி மேலிருந்து எடுத்தால் மைனாவுக்குப் பின்னால் இருப்பது தரை. பறவைக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி ஏது? அதனால் மைனா எவ்வளவு தெளிவோ, சுற்றிக் கிடக்கும் கல்லும் புல்லும் மிட்டாய்த் தாளும் அவ்வளவு தெளிவாக விழும். படத்தைப் பார்ப்பவருக்கு எதைப் பார்ப்பதென்றே தெரியாது. வயிறு மண்ணில் படும்படி படுத்துக்கொண்டு எடுங்கள். இப்போது மைனாவுக்குப் பின்னால் இருப்பது எங்கேயோ தள்ளி உள்ள சுற்றுச்சுவர். அது மங்கிப்போகும். மைனா மட்டும் எடுப்பாக நிற்கும். அதன் கண்மட்டத்துக்கு நாம் இறங்கியதால், அது உலகத்தை எப்படிப் பார்க்கிறதோ அப்படியே நாமும் பார்க்கிறோம். சட்டை அழுக்காகும். அதைப் பற்றி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

செல்போனில் எடுப்பவர்களுக்கு இந்த மங்கல் அவ்வளவாகக் கிடைக்காது. அதன் லென்ஸும், ஒளியை வாங்கும் சென்சாரும் மிகச் சிறியவை. அதற்கு ஈடாக, பூச்சி, பூ, இலை, காளான் போன்றவற்றை நெருங்கிப்போய் எடுங்கள். திரையில் இரண்டு விரலை வைத்து இழுத்துப் பெரிதாக்கும் வேலை வேண்டாம். பெரும்பாலான போன்களில் அது படத்தின் நடுப்பகுதியை வெட்டியெடுத்துப் பெரிதாக்கிக் காட்டுவதுதான். புதிய விவரம் எதுவும் வராது. எடுப்பதற்கு முன்னால் லென்ஸைச் சுத்தமான மெல்லிய துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் எந்தப் படமும் மங்கலாகத்தான் வரும்.

தெளிவு எல்லை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகிவிட்டால் என்ன செய்வது? 2024-இல் இளையோர் விருது பெற்ற ஜெர்மனியின் அலெக்சிஸ் டிங்கர் சவாலாஸ் இதற்கு விடை வைத்திருந்தார். செத்த மரக்கட்டை ஒன்றைப் புரட்டிப் பார்த்தபோது, அடியில் ஸ்லைம் மோல்டு என்ற உயிரினத்தின் நுண்ணிய உருண்டைகளும், ஸ்பிரிங்டெயில் என்ற மிகச் சிறிய உயிரியும் இருந்தன. ஸ்பிரிங்டெயில் தன் உடல் நீளத்தைப் போலப் பல மடங்கு தூரம் கண்ணிமைக்கும் நேரத்தில் துள்ளிவிடும். அது துள்ளுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். தெளிவு விழும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியபடி 36 படங்களை வேகமாக எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக இருந்த பகுதிகளைக் கணினியில் சேர்த்து ஒரே படமாக்கினார். இப்படிச் சேர்ப்பதைப் போட்டி அனுமதிக்கிறது. அங்கே இல்லாத எதையும் அவர் சேர்க்கவில்லை. அங்கே இருந்ததைத்தான் முழுசாகக் காட்டினார். மக்கும் இலையையும் மரத்தையும் மண்ணாக்கும் வேலையில் ஸ்பிரிங்டெயில்களுக்கும் பங்கு உண்டு. நம் காலடியில் நடக்கும் அந்த வேலையை ஒரு படம் உலகத்துக்குக் காட்டியது.

நொடியை எப்படி வெட்டுவது?

கேமராவில் ஷட்டர் என்று ஒரு கதவு இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அது திறந்து, ஒளியை உள்ளே விட்டு, மூடிக்கொள்ளும். செல்போனில் அந்தக் கதவின் வேலையைச் சென்சாரே மின்னணு முறையில் செய்துவிடுகிறது. எவ்வளவு நேரம் ஒளி உள்ளே வருகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் வீட்டு மின்விசிறி நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 5 சுற்று. ஒரு சுற்று 360 பாகை என்றால், ஒரு நொடியில் 1,800 பாகை. ஷட்டர் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் இறக்கை 1.8 பாகைதான் நகர்ந்திருக்கும். படத்தில் நின்றுபோன விசிறி தெரியும். பத்தில் ஒரு பங்கு நொடி திறந்திருந்தால் இறக்கை 180 பாகை, அதாவது அரை வட்டம் போய்விட்டிருக்கும். படத்தில் இறக்கையே தெரியாது, ஒரு வட்டத் தீற்றல்தான் தெரியும். பகலில் ஜன்னல்களைத் திறந்துவைத்து ஒரு படமும், இரவில் ஒற்றை விளக்கில் ஒரு படமும் செல்போனில் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை அதிக நேரம் திறந்துவைக்க வேண்டியிருப்பதால், இரவுப் படத்தில் விசிறி கூடுதலாகக் கலையும்.

2019-இல் பெரியவர்கள் பிரிவில் முதல் பரிசு பெற்றவர் சீனாவின் யோங்சிங் பாவோ. இடம், திபெத்தியப் பீடபூமியை ஒட்டிய சிலியான் மலைகள். குளிர்காலம் முழுக்க வளைக்குள் தூங்கிவிட்டு, பசியோடு வெளியே வந்திருந்தது மார்மட் என்ற அணில் இனத்து விலங்கு. எதிரே ஒரு திபெத்திய நரி. நரி பாய்வதை மார்மட் கண்டுகொண்ட அந்தக் கணம் படத்தில் இருக்கிறது. வாயைப் பிளந்து, உடம்பு முழுக்க அதிர்ச்சியோடு நிற்கிறது மார்மட். ஷட்டர் திறந்திருந்த நேரம், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் கண் இமைக்கும் நேரத்தில் அந்த நாடகம் முடிந்துவிட்டிருக்கும். கேமரா அதைப் பிடித்துக் கொடுத்தது.

அப்படியானால் வேகம்தான் எப்போதும் நல்லதா? இல்லை என்று காட்டியவர் 17 வயது கார்மெல் பெக்லர். 2023-இல் இளையோர் விருது பெற்ற அவரது படத்தில், இஸ்ரேலில் சாலையோரம் கைவிடப்பட்ட கான்கிரீட் கட்டடம் ஒன்றின் ஜன்னலில் கூகைகள் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஷட்டரை வேண்டுமென்றே அதிக நேரம் திறந்துவைத்தார். அசையாத கூகைகள் அப்படியே பதிந்தன. ஓடிய கார்களின் விளக்குகள் நீண்ட ஒளிக்கோடுகளாக இழுபட்டன. அசைவதும் அசையாததும் ஒரே படத்தில்! மனிதர்கள் விட்டுப்போன இடத்தில் பறவைகள் குடியேறியதை அந்த ஒளிக்கோடுகள் இல்லாமல் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்க முடியாது. தான் சொல்ல நினைப்பதற்கு எந்த வேகம் பொருந்தும் என்று யோசித்து எடுத்தவர் அவர்.

காத்திருப்பதற்கும் அறிவு வேண்டும்

2020-இல் முதல் பரிசு பெற்ற படத்தில், ரஷ்யாவின் கிழக்கு எல்லைக் காட்டில் ஆமூர்ப் பெண்புலி ஒன்று பிரம்மாண்டமான மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. கன்னத்தை மரப்பட்டையில் தேய்க்கிறது. பாசத்தால் அல்ல, தன் வாசனையை மரத்தில் பதித்து, இது என் இடம் என்று மற்றப் புலிகளுக்குச் செய்தி விடுகிறது. எடுத்தவர் செர்கேய் கோர்ஷ்கோவ். படமெடுக்கும்போது அவர் அங்கே இல்லை! மரத்துக்கு எதிரே தானியங்கிக் கேமராவை வைத்துவிட்டுப் போயிருந்தார். விலங்கு எதிரே வரும்போது அதை உணர்ந்து தானாகவே படமெடுக்கும் கேமரா அது. இந்த வகைக் கேமராக்கள் பலவற்றில், உடல் சூட்டிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர்களை உணரும் கருவி இருக்கும். நம் புலிகள் காப்பகங்களில் புலிகளைக் கணக்கெடுக்கவும் தானியங்கிக் கேமராக்களைத்தான் வைக்கிறார்கள்.

2019 ஜனவரியில் வைத்த கேமரா. அவர் தேடிய படம் கிடைத்தது நவம்பரில். ஆனால் அவரைப் பொறுமைசாலி என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதி உண்மைதான். அவ்வளவு பெரிய காட்டில் ஆயிரக்கணக்கான மரங்கள் இருக்க, அந்த ஒரு மரத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்? புலிகள் வழக்கமாகப் போகும் பாதையைத் தேடினார். பாதையோர மரங்களில் நகக் கீறல் இருக்கிறதா, முடி ஒட்டியிருக்கிறதா, சிறுநீர் வாடை வருகிறதா என்று தேடினார். துப்பறிந்து மரத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் காத்திருப்பு தொடங்கியது. 2025-இல் முதல் பரிசு பெற்ற விம் வான் டென் ஹீவரும் இப்படித்தான். நமீபியாவில் மக்கள் கைவிட்டுப் போன கோல்மன்ஸ்கோப் என்ற வைரச் சுரங்க ஊரில் பழுப்புக் கழுதைப்புலியின் காலடித் தடங்களைப் பார்த்தார். இடிந்த வீடுகளுக்கு நடுவே அது நடந்துபோகும் படம் கிடைக்க 10 ஆண்டுகள் ஆயின.

காட்டுக்குப் போக முடியாதவர்கள் சாம் ரௌலியை நினைத்துக்கொள்ளலாம். லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் சுண்டெலிகள் உண்டு. பயணிகள் சிந்தும் துணுக்குகளைத் தின்று அவை பிழைக்கின்றன. ரௌலி ஒரு வாரம் நடைமேடைகளில் படுத்துக் காத்திருந்து, ஒரு துணுக்குக்காக இரண்டு சுண்டெலிகள் பின்னங்காலில் எழுந்து சண்டை போடும் நொடியைப் பிடித்தார். 2020-இல் பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த படம் அதுதான். ஏறத்தாழ 28,000 பேர் வாக்களித்தார்கள். இந்தப் போட்டியின் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். எல்லாரும் கால் வைத்து நடக்கும் இடத்தில், யாரும் நின்று பார்க்காத ஒரு வாழ்க்கையை அது காட்டுகிறது.

காத்திருக்கும்போது எந்த நேரத்தில் காத்திருக்கலாம்? காலையிலும் மாலையிலும். சூரிய ஒளி காற்றுக்குள் வரும்போது, காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிடப் பல மடங்கு அதிகமாகச் சிதறடிக்கும். உச்சி வெயில் காற்றைச் செங்குத்தாக, குறுகிய வழியில் கடந்து வருகிறது. சூரியன் தொடுவானத்தில் இருக்கும்போது ஒளி சாய்வாக வருவதால், அதைப்போல ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்தாக வேண்டும். வழியிலேயே நீலம் சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. ஒளியின் கடுமையும் குறைந்துவிடும். பக்கவாட்டிலிருந்து விழுவதால் இறகின் மேடு பள்ளம், மரப்பட்டையின் சொரசொரப்பு எல்லாம் நிழலோடு எழுந்து தெரியும். நம் ஊரின் 12 மணி வெயிலில் எடுத்தால் வெள்ளைக் கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். பறவைகளும் அந்நேரத்தில் நிழலில் ஒதுங்கிவிடும். அவற்றுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிய வேண்டும்.

செத்த எறும்புத்தின்னி

2017-ஆம் ஆண்டுப் போட்டியில் ஒரு பிரிவில் பரிசு பெற்ற படம் ஒன்று. பிரேசிலின் ஒரு தேசியப் பூங்கா. இரவு வானம் நிறைய நட்சத்திரங்கள். வண்டுப் புழுக்களின் ஒளியால் மினுங்கும் கரையான் புற்று. அதை நோக்கி மூக்கை நீட்டும் எறும்புத்தின்னி. (நம் நாட்டுச் செதிள் உடம்பு எறும்புத்தின்னி வேறு, இது தென் அமெரிக்காவின் முடியடர்ந்த விலங்கு.) பரிசு கொடுத்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. அதே பூங்காவின் பார்வையாளர் மையத்தில், பாடம் செய்து வைத்த எறும்புத்தின்னி ஒன்று இருந்தது. படத்தில் இருப்பது அதுதானோ?

அருங்காட்சியகம் 5 வல்லுநர்களிடம் கேட்டது. ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாதபடி, ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆராய்ந்தார்கள். முடியில் உள்ள குறிகள், மயிர்க்கற்றைகள் துருத்திக்கொண்டிருக்கும் இடங்கள், நிற்கும் தோரணை எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். உயிருள்ள இரண்டு விலங்குகளில் இவையெல்லாம் அச்சாக ஒத்துப்போகாது. இரண்டும் ஒன்றேதான் என்ற முடிவுக்கு எல்லாரும் வந்தார்கள். படம் எடுத்தவர் மறுத்தார். ஆனாலும் 2018 ஏப்ரலில் பரிசு திரும்பப் பெறப்பட்டது. 2009-இல் முதல் பரிசு பெற்ற ஓநாய்ப் படத்துக்கும் இதே கதி. வேலிக் கதவைத் தாண்டிக் குதித்தது காட்டு ஓநாய் அல்ல, பழக்கப்பட்ட ஓநாயாக இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்து 2010-இல் படத்தை நீக்கினார்கள்.

நல்ல படமாகத்தானே இருந்தது, ஏன் நீக்க வேண்டும் என்று கேட்கலாம். காட்டுயிர்ப் படம் ஓர் ஆதாரம். இந்த விலங்கு, இந்த இடத்தில், இப்படி நடந்துகொண்டது என்று அது சாட்சி சொல்கிறது. சாட்சி பொய் சொன்னால் அதிலிருந்து கற்றுக்கொண்ட எல்லாமே தப்பாகிவிடும். அதனால்தான் இந்தப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் ரா கோப்பைக் கேட்கிறார்கள். சென்சார் அளந்த எண்களைக் கேமரா கைவைக்காமல் அப்படியே சேமித்த கோப்பு அது. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் வழக்கமான ஜேபெக் படம் 256 படிகளில் பதிவு செய்கிறது என்றால், 14 பிட் ரா கோப்பு 16,384 படிகளில் பதிவு செய்யும். படத்தில் எதையாவது ஒட்டினார்களா, அழித்தார்களா என்று அதோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஓரத்தைக் கொஞ்சம் வெட்டலாம், வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். நிலாவை ஒட்டக் கூடாது, குறுக்கே வந்த மின்கம்பியை அழிக்கக் கூடாது. செயற்கை நுண்ணறிவு வரைந்து கொடுத்த படத்துக்கு இடமே இல்லை.

நேர்மையில் இன்னொரு பங்கும் உண்டு, அது எனக்கு இன்னும் முக்கியம். கூடு கட்டியிருக்கும் பறவையை நெருங்காதீர்கள். நாம் பக்கத்தில் நிற்கும் வரை தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பாது. வெயிலில் கிடக்கும் முட்டைக்கோ சிறகு முளைக்காத குஞ்சுக்கோ சில நிமிடங்களே போதும், உயிர் போய்விடும். மறைப்பாக இருந்த இலையை விலக்கினால் காக்கைக்கு வழி காட்டியதாகிவிடும். பட்டாம்பூச்சியை அசையாமல் உட்காரவைக்கக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள், அது கொடுமை. விலங்கு தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறது, மேய்வதை நிறுத்திவிட்டது என்றால் நீங்கள் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள். இரண்டடி பின்னால் வாருங்கள். எந்தப் பரிசும் ஒரு குஞ்சின் உயிருக்கு ஈடாகாது.

சரி, எங்கிருந்து தொடங்கலாம்? ஒரே ஓர் உயிரைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுச் சுவர்ப் பல்லி, மொட்டை மாடிக்கு வரும் அணில், முருங்கை மரத்துக் கம்பளிப்புழு, எதுவானாலும் சரி. முதல் வாரம் கேமராவைத் தொட வேண்டாம். ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வருகிறது, எங்கே உட்காருகிறது, என்ன தின்கிறது, எதைக் கண்டு பயப்படுகிறது, அப்போது வெயில் எந்தப் பக்கம். அடுத்த வாரம் அந்த நோட்டைப் பார்த்து, அது வருவதற்கு முன்பே போய் உட்காருங்கள். கண்ணில் தெளிவு விழும்படி எடுங்கள். மற்றதெல்லாம் மங்கினாலும் கண் தெளிவாக இருந்தால் படம் உயிரோடு இருக்கும். நூறு படம் எடுத்தால் தொண்ணூற்றொன்பதை ஒதுக்கத் துணிவு வேண்டும். மிஞ்சிய ஒன்றை, அந்த உயிரைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு நண்பரிடம் காட்டி, “இதில் என்ன நடக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் விளக்காமலே அவர் சொல்லிவிட்டால் படம் தயார்.

பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ நடக்கும் போட்டியில் தொடங்கலாம். லண்டன் போட்டிக்கும் அனுப்பலாம். அதற்கு அப்பா அம்மாவின் சம்மதத்தைக் கேட்டு, அந்த ஆண்டு விதிமுறைகளை அவர்களோடு சேர்ந்து படித்துவிடுங்கள். இளையோருக்கு 10 வயது வரை, 11 முதல் 14 வரை, 15 முதல் 17 வரை என்று மூன்று பிரிவுகள் இருக்கின்றன. 17 வயது வரை நுழைவுக் கட்டணம் கிடையாது.